விழுந்தபடியே வைத்த கற்கள்

முழங்கை வளைவில் நல்ல கல் தீர்ந்துபோனது மூன்றாம் நாள் காலையில்.

டின்கப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை அந்த இடத்தில்தான் பாறையை ஒட்டித் திரும்புகிறது. கீழே நாற்பது அடிச் சரிவு. அங்கே நின்ற சுவர் இரண்டு முறை விழுந்திருந்தது. இரண்டையும் கட்டியவர் மெர்ரில் ஸ்டப்ஸ். போன ஆகஸ்டில் பெய்த ஒரு மணி நேர மழையில் இரண்டாவது சுவர் போனபோது ஒரு குதிரையும் கூடவே போயிற்று. மேலே இருந்தவன் எப்படியோ தப்பித்தான். அதற்குப் பிறகு மெர்ரிலின் வேலைக் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்து சேர்ந்தது. இன்னொரு கடிதம் வந்தால் என்ன ஆகும் என்று அதில் எழுதவில்லை. எழுதாமலே அவருக்குப் புரிந்தது. ஐம்பத்தேழு வயது, ஓய்வுக்கு இன்னும் பதினெட்டு மாதம்.

மூன்றாவது சுவரை லொரேனாவிடம் கொடுத்துவிட்டார்.

பயந்து கொடுத்தார் என்று மட்டும் சொல்ல முடியாது. லொரேனா தாப்பியாவுக்குக் கல் படிந்தது. எல்லோரும் ஒரு கல்லைத் தூக்கி இடத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தாமல் இறக்கி, இன்னொன்றைத் தூக்குவார்கள். அவள் இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எழுந்து போய் ஒரே ஒரு கல்லோடு வருவாள். அதைக் கற்றுக்கொடுத்தது மெர்ரில் இல்லை; அவருக்கே அது வராது. நியூ மெக்ஸிகோவிலிருந்து வந்த முதல் வாரத்திலேயே அவளிடம் அது இருந்தது.

ஆனால் அவள் தற்காலிக ஆள். மார்ச்சில் எடுத்து நவம்பரில் போகச் சொல்லிவிடுவார்கள். மூன்று வருஷமாக இப்படித்தான். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் கழிப்பறை கழுவிக்கொண்டு, பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் படுத்துக்கொள்வாள். மலைப்பாதைகளைப் பராமரிக்கும் அலுவலகத்தின் அதிகாரி ராய்ஸ் ஏப்ரலில் மெர்ரிலைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான்: வரும் வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் வருகிறது, முழங்கை வளைவு ஒழுங்காக முடியட்டும், நீங்கள் சொல்லும் பெயரை மேலே அனுப்புகிறேன். மெர்ரில் அதை லொரேனாவிடம் சொன்னார். அவருக்கு அது வழக்கமில்லாத அளவுக்கு நீளமான பேச்சு.

"அந்த எடம் கெடச்சா மொதல்ல ஒரு கதவு வாங்குவேன்" என்று அவள் குழுவின் மூன்றாவது ஆளான டோபினிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வீடு வாங்க வேணாமா?" என்றான் டோபின்.

"கதவு போதும். உள்ளேருந்து சாத்திக்கிற மாதிரி ஒண்ணு. மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்."

ஆறு பேர் இருந்த குழு இந்த வருஷம் மூன்று பேராகிவிட்டிருந்தது. எட்டு நாள் மலையில், ஆறு நாள் கீழே. மே மாதக் கடைசியில் பாதையைத் திறந்தாக வேண்டும். அதற்கு முன் மலையில் இருப்பது இந்த எட்டு நாள்தான்.

கல் தீர்ந்துவிட்டது என்றால் தெற்கு யூட்டாவில் கல்லுக்குப் பஞ்சம் என்று அர்த்தமில்லை. கண் போகும் தூரமெல்லாம் கல்தான். சுவருக்கு ஆகிற கல் வேறு. சாந்து கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல்லின் எடைதான் கல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்தான் எடுக்கலாம். எடுத்த குழியை மூட வேண்டும். வெயில் பல நூறு வருஷமாக ஏற்றிவிட்ட கருமெருகு வெளிப்பக்கம் வரும்படி வைக்க வேண்டும். மண்ணில் கிடந்த வெளிறிய முகம் தெரிந்தால் சுவர் நேற்றுக் கட்டியது என்று காட்டிக்கொடுத்துவிடும். இது தவிர இன்னொரு விதி. மனிதக் கை வைத்த மாதிரி ஒரு கல் கிடந்தால்கூட அதைத் தொடக்கூடாது. ரோஸ் நிற ரிப்பன் ஒன்றைக் கட்டிவிட்டு, தொல்லியல் பெண் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அவள் வர பத்து நாளும் ஆகலாம், மாதமும் ஆகலாம்.

பத்து மணிக்கு லொரேனா மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். கருப்பு மண்பொருக்கின் மேல் கால் படாமல் கல்லுக்குக் கல் தாவி வந்தாள். அந்தப் பொருக்கு உயிருள்ளது. ஒரு மிதி மிதித்தால் ஆறிவர அரை நூற்றாண்டு. எந்த அவசரத்திலும் குழுவில் ஒருவரும் அதை மிதிக்க மாட்டார்கள்.

"மெர்ரில், கொஞ்சம் வாங்களேன்."

டோபின் தண்ணீர் எடுத்துவரக் கீழே போயிருந்தான். இருவர் மட்டும் போனார்கள். மேட்டுக்குப் பின்னால், காற்று படாத சிறு குழிவில், அறுபது எழுபது கற்கள் கிடந்தன. எல்லாம் தட்டை. எல்லாம் ஒருவன் இடுப்பு வரை தூக்கக்கூடிய அளவு. முழங்கை வளைவுக்கென்றே யாரோ அளவு எடுத்து அனுப்பியது போல.

"யாரோ அடுக்குன மாதிரி இருக்கு" என்றாள் லொரேனா. "பாருங்க, வளைஞ்சு போவுது. ரிப்பன் கட்டவா?"

மெர்ரில் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் கல்லைப் பார்த்த கண். கற்கள் அரைவட்டமாகச் சரிந்திருந்தன. இரண்டு மூன்றில் வெளிறிய முகம் மேலே இருந்தது, அந்த வெளிறலின் மேல் மெல்லிசாகக் கருமை திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. தானாக உருண்ட கல் அப்படிக் கிடக்காது. யாரோ எடுத்து, புரட்டி, வைத்திருக்கிறார்கள்; வெகு காலத்துக்கு முன்னால்.

பார்த்த கணத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவர் எத்தனையோ வழி தேடினார். இந்த ஒரு கணத்தை மட்டும் அவரால் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை.

லொரேனா காத்திருந்தாள். தூரத்தில் ஒரு காகம் ஒரு தடவை கத்தியது.

"சரிவுல வந்தது" என்றார். "எடு."

"நெசமாவா?"

"எடுன்னு சொன்னேன்."

அவள் இன்னும் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து முதல் கல்லைப் புரட்டினாள். அடியில் ஒரு தேள் இருந்தது. அதை மெதுவாகக் கடப்பாரை நுனியால் நகர்த்தி வேறொரு கல்லடியில் விட்டாள்.

அடுத்த மூன்று நாட்களைப் போல ஒரு வேலையை மெர்ரில் பார்த்ததில்லை. டோபினும் அவரும் கல்லைச் சுமந்து கொண்டுவந்து போட, அவள் வைத்துக்கொண்டே போனாள். நீளக் கல்லை மண்ணுக்குள் போகும்படி வைத்து, அதன் வாலில் இன்னொன்றை ஏற்றி, நடுவில் சல்லியைக் கையால் ஒவ்வொன்றாகத் திணித்தாள். சுவர் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்துகொண்டு உயர்ந்தது. முன்பக்கமிருந்து இடைவெளி அடைக்க ஒரு ஆப்புக்கல்கூடச் செருகவில்லை.

சாயங்காலங்களில் ஆட்டம் நடக்கும். குழுக்களில் பழைய வழக்கம் அது. அன்றைக்கு வைத்த ஒவ்வொரு கல்லின் மேலும் ஒருவர் ஏறிக் குதிக்க வேண்டும். கல் அசைந்தால், வைத்தவர் சமைக்க வேண்டும். அசையாவிட்டால் குதித்தவர் சமைக்க வேண்டும். டோபின் இரண்டு நாள் அடுப்பு மூட்டினான். மூன்றாம் நாள் அவன் பூட்ஸோடு முக்கால் மணி நேரம் குதித்தான்.

"ஏதாவது ஒண்ணு ஆடுமே! ஒரு கல்லு! ஒரே ஒரு கல்லு ஆடட்டும்!"

"நல்லா குதி. ஒன் மூளதான் ஆடும்" என்றாள் லொரேனா. "பீன்ஸுக்கு வெங்காயம் போடு இன்னைக்கு. நேத்து செஞ்சது அட்டைப்பெட்டி மாதிரி இருந்துச்சு."

"அட்டைப்பெட்டிய நீதான ரெண்டு தட்டு தின்ன?"

"பசி. குதிச்சுப் பாத்தவனுக்குப் பசிக்காது, கட்டுனவளுக்குப் பசிக்கும்."

மெர்ரில் தன் காபியோடு தள்ளி உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்த்து, "கிழவரே, நீங்களும் ஒரு தடவ ஏறிப் பாத்துடுங்க. அப்பறம் மூணாவதும் விழுந்துச்சுன்னு எம்மேல சொல்லக்கூடாது" என்றாள்.

அவர் எழுந்து போய்ச் சுவரின் மேல் நின்றார். ஒன்றும் ஆடவில்லை. இந்தச் சுவர் தன்னைப் போன்ற நாலு பேர் செத்த பிறகும் நிற்கும் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவர் புரட்டிப் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் காலை மாரென் வந்தாள். அலுவலகத்தின் தொல்லியல் பெண். அவர்களைப் பார்க்க வரவில்லை. பதிவேட்டில் உள்ள இடங்களை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டு போகும் சுற்று. கையசைத்துவிட்டு, சுவரைப் பார்த்து "அடேங்கப்பா!" என்றுவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் போனாள்.

இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கையில் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் நகல் ஒன்று.

"அந்தக் குழிவுல ஒரு காத்துத் தடுப்பு இருந்துச்சு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசம். "ஆடு மேய்ச்சவன் ஒருத்தன் படுக்கறதுக்காகக் கட்டுனது. தொண்ணூறு வருஷம் முந்தி. அரைவட்டமா. இப்ப அங்க ஒரு கல்லு இல்ல." சுவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "எடுத்தது யாரு?"

டோபின் வாயைத் திறந்து மூடினான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தான் சுமந்தது மட்டும்தான்.

மெர்ரில் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லக்கூடாது என்று முடிவு செய்து அவர் பேசாமல் இருக்கவில்லை. எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்கிற மனிதர் இல்லை அவர். கேள்வி வந்ததும் அவருக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறக்கும். அவரோடு பதினாலு வருஷம் வாழ்ந்த மனைவி, பேச்சு எங்கே என்று தேடித் தேடிக் களைத்துப் போய்த்தான் கிளம்பினாள். குழுக்களில் அதே குணத்துக்கு நல்ல பெயர். மெர்ரில் நிதானமானவர், மெர்ரில் யோசித்துத்தான் பேசுவார். அன்றும் கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் கடிதத்தை நினைத்தார். பதினெட்டு மாதத்தை நினைத்தார்.

லொரேனா அவரைப் பார்த்தாள். அவர் தன் கையுறையைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் அவள்.

"யாரையாவது கேட்டியா?" என்றாள் மாரென்.

மறுபடி அந்த இடைவெளி. இந்தத் தடவை நீளமாக. டோபின் கால் மாற்றி நின்றான். காற்றில் ஒரு தார்ப்பாய் மூலை படபடத்தது.

"இல்ல" என்றாள் லொரேனா.

மாரென் குறித்துக்கொண்டாள்.

அடுத்த முறை மலைக்கு வந்தது சுவரைப் பிரிப்பதற்காக.

அலுவலகத்தின் உத்தரவு ஒரே ஒரு பக்கம். காற்றுத் தடுப்பிலிருந்து எடுத்த கற்கள் எல்லாம் பழைய இடத்துக்குப் போக வேண்டும். பாதைத் திறப்பு செப்டம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிரித்தது ஒரு நாள். அதைக் கட்ட மூன்று நாள் ஆகியிருந்தது. டோபின் மேலிருந்து ஒவ்வொன்றாக நெம்பினான். அசையாமல் இருந்த கற்கள் அசைவதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டன. அவன் ஒரு வார்த்தை வேடிக்கையாகப் பேசவில்லை.

மேட்டுக்குப் பின்னால் மாரென் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருஷம் முன் எடுத்த படம். அதில் இருந்தது சுவர் இல்லை, விழுந்துபோன சுவர். அதனால் அவர்கள் விழுந்துபோன சுவரை அடுக்க வேண்டியிருந்தது.

"இது இன்னும் கொஞ்சம் இடது" என்பாள் மாரென். "இல்ல, இப்ப நேரா நிக்குது. சரிஞ்ச மாதிரி இருக்கணும். இந்த மூலை மண்ணுல பொதைஞ்சிருக்கணும். ஆங், அப்படி."

"விழுந்தது விழுந்தபடியே" என்று டோபின் முனகினான்.

"ஆமா" என்றாள் மாரென், கிண்டல் என்று தெரியாமல். "அதேதான்."

லொரேனா முழந்தாளிட்டு உட்கார்ந்து படத்தை வாங்கிப் பார்த்தாள். வழக்கம் போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து, எப்போதோ அது எந்தப் பக்கம் தளர்ந்து விழுந்திருக்குமோ அந்தப் பக்கம் விழுந்த மாதிரி வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. இரண்டாம் நாள் மாரென் இடது வலது சொல்வதை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் அங்கே பழைய இடிபாடு ஒன்று கிடந்தது. யாரும் தொடவே இல்லை என்று சத்தியம் செய்யலாம் போல. மெர்ரில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவ்வளவு சுத்தமான வேலையை அவர் கண்டதில்லை, அவளுடைய சுவரில்கூட. கட்டியவள் பெயர் எந்தத் தாளிலும் வராது. கெடுத்தவள் என்று மட்டும் வரும்.

அந்த எட்டு நாளும் அவள் அவரிடம் வேலைச்சொல் மட்டுமே பேசினாள். பிடிங்க. விடுங்க. போதும். கிழவரே என்று ஒரு தடவைகூட இல்லை. ஆறாம் நாள் அடுப்பருகே இருவரும் தனியாக இருந்தபோது அவர் சொன்னார்:

"ராய்ஸ்கிட்ட நான் பேசறேன்."

அவள் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "எப்ப?"

"எறங்குனதும். இந்த வாரமே."

"மாரென் கேட்டப்ப எதுக்கு ரெண்டு தடவ நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்னு நெனக்கிறீங்க?"

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"உங்களுக்கு எடம் விட்டேன் மெர்ரில். ரெண்டு தடவ விட்டேன். நான் உங்களக் காட்டிக் குடுத்தா அது ஒண்ணு. நீங்களே சொன்னா அது வேற. நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன்." சாப்பாட்டை ஓரமாக ஒதுக்கினாள். "முட்டாள்தனம். என்னோடதுதான்."

"இன்னும் ஒண்ணும் ஆகல. நிரந்தர எடத்து லிஸ்ட் வர ரெண்டு வாரம் இருக்கு."

"அப்ப பேசுங்க" என்றாள். அந்தச் சொல்லில் இன்னும் கொஞ்சம் எதிர்பார்ப்பு மிச்சம் இருந்தது. பின்னால் அவர் எல்லாவற்றையும்விட அதிகமாக நினைத்துக்கொண்டது அதைத்தான்.

இறங்கிய மறுநாள் அலுவலகத்துக்குப் போனார். முகம் மழித்து, சட்டை மாற்றிக்கொண்டு போனார். ராய்ஸ் எழுந்து வந்து கை கொடுத்தான். ராய்ஸுக்கு நாற்பது வயதுகூட இருக்காது, நல்லவன். தன்னிடம் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் பெயரெல்லாம் அவனுக்குத் தெரியும்.

"ஒக்காருங்க மெர்ரில். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன்." கதவைச் சாத்தினான். "மாரென் ரிப்போர்ட் பாத்தேன். அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு எவ்ளோ நம்பிக்கைன்னு எனக்குத் தெரியும். நீங்க அவளுக்காகப் பூசி மெழுகியிருக்கலாம். வேற ஆளா இருந்தா செஞ்சிருப்பான். நீங்க செய்யல. அது லேசுப்பட்ட விஷயம் இல்ல."

மெர்ரில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் நிறுத்தியது பயம் மட்டும் இல்லை. ராய்ஸ் அவரைப் பார்த்த விதம். குதிரை விழுந்ததிலிருந்து ஒருவரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"வேற என்ன? ஏதோ சொல்ல வந்தீங்க போல?"

"புது கடப்பாரை ரெண்டு வேணும்" என்றார் மெர்ரில். "இருக்கறது வளைஞ்சு போச்சு."

"இதுக்கா சட்ட மாத்திட்டு வந்தீங்க!" என்று ராய்ஸ் சிரித்தான். அவரும் சிரிப்பதுபோல ஏதோ செய்தார்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தார். அடுத்த வாரம் ராய்ஸ் கூட்டத்துக்குப் போயிருந்தான். அதற்கடுத்த திங்கட்கிழமை அவன் அறையில் இருந்தான். மெர்ரில் வாகன நிறுத்தத்தில் தன் வண்டிக்குள் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வெள்ளிக்கிழமை லிஸ்ட் வந்தது. நிரந்தர இடம் டோபினுக்கு. லொரேனாவின் பெயருக்கு எதிரே, வரும் பருவத்துக்குக் கூப்பிட வேண்டாம் என்று இருந்தது.

டோபின் மெர்ரிலைத் தேடி வந்தான். கிடங்கு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பாஸ், நான் கேக்கல. சத்தியமா நான் யாரையும் கேக்கல."

"தெரியும்."

"அவ வச்ச சுவத்துல நான் குதிக்கத்தான் லாயக்கு. உங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்லக்கூடாதா அவங்ககிட்ட?"

மெர்ரில் அவனைத் தாண்டிக்கொண்டு நேராக ராய்ஸ் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை. நின்றபடியே சொன்னார். அவள் கேட்டாள், ரிப்பன் கட்டவா என்று கேட்டாள், எடு என்று சொன்னது நான், அடுக்கிய கல் என்று எனக்குத் தெரியும். நாலு வாக்கியம். இவ்வளவு நாள் அவரை அழுத்திக்கொண்டிருந்த விஷயம் நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

ராய்ஸ் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

"இத இப்ப ஏன் சொல்றீங்க?"

"உண்ம அதுதான்."

"உண்ம போன மாசமும் அதுதான்." அவன் குரல் உயரவில்லை. "லிஸ்ட் மேல போயாச்சு. கையெழுத்து ஆயாச்சு. டோபினுக்குச் சொல்லியாச்சு. இப்ப இதத் தொறந்தா அவன் எடம் போவும், உங்களோடது போவும், விசாரணை, எம்மேலயும் வரும். அவளுக்கு என்ன கெடைக்கும்? ஒண்ணும் கெடைக்காது. இருக்கற எடம் ஒண்ணுதான்." பேனாவை வைத்தான். "நீங்க வந்து புது கடப்பாரை கேட்டீங்க. நான் குடுத்தேன். அதோட இருக்கட்டும். போயிட்டு வாங்க மெர்ரில்."

இந்தத் தடவை எழுந்து வந்து கை கொடுக்கவில்லை.

லொரேனாவின் பிக்கப் சலவைக்கடை வாசலில் நின்றிருந்தது. ஊரில் ஒன்றுதான் சலவைக்கடை. காசு போட்டு ஓட்டும் எட்டு மெஷின்கள், நாலு ஓடாது. அவள் மார்ச்சிலிருந்து விரித்துப் படுத்த துணிகளையெல்லாம் துவைக்கக் கொண்டுவந்திருந்தாள். பின்பக்கம் காலியாகத் திறந்து கிடந்தது.

மெர்ரில் உள்ளே போய் அவளுக்கு எதிரே நின்றார்.

"ராய்ஸ்கிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும்."

அவள் மெஷினுக்குள் சுற்றும் துணியிலிருந்து கண்ணை எடுத்தாள். ஒரு கணம் அவள் முகம் திறந்தது. "எப்ப?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது செய்தோம் என்று பிற்பாடு நினைத்துக்கொள்ள அவர் முயன்றதுண்டு. அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னைக்குக் காலையில."

"லிஸ்ட் வந்தப்பறம்."

"ஆமா."

"என்ன சொன்னான்?"

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாதாம்."

லொரேனா தலையசைத்தாள், எதிர்பார்த்த விலையைக் கடைக்காரன் சொன்னது போல. மெஷினுக்குள் ஏதோ ஒரு பித்தான் கண்ணாடியில் தட்டித் தட்டிச் சுழன்றது.

"அப்ப அது உங்களுக்காகச் சொன்னது" என்றாள். "எனக்காகச் சொல்றதுக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. அத நீங்க எடுத்துக்கல."

"நான் லெட்டர் எழுதித் தர்றேன். கொலராடோவுல எனக்கு ஆள் இருக்கு. ஒன்ன மாதிரி கல்லு வைக்கிறவள முப்பது வருஷத்துல நான் பாத்ததில்லன்னு எழுதறேன். அது உண்ம."

"அதுல என் பேருக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கும்ல?"

"இருக்கும்."

"வேணாம்."

"லொரேனா..."

"அங்க எவனாவது உங்களுக்கு போன் போட்டு, அந்தப் பழைய கல்லு விவகாரம் என்னன்னு கேப்பான். கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள், சுவரில் ஒரு இடத்தைப் பார்ப்பது போல, நிறைய நேரம். "யோசிப்பீங்க" என்றாள்.

மெஷின் நின்றது. அவள் எழுந்து ஈரத் துணிகளைக் கூடைக்கு மாற்றினாள். கடைசியாக, வண்டிக்கு மேல் கட்டும் பெரிய தார்ப்பாயை இழுத்தாள். அது தண்ணீரோடு கனத்துப் பாதித் தரையில் விழுந்தது. மெர்ரில் யோசிக்காமல் குனிந்து மறுமுனையைப் பிடித்தார். அப்படி ஒன்றை இரண்டு பேர் பிடித்து மடிப்பதுதான் பழக்கம்.

லொரேனா தன் முனையைப் பிடித்தபடி நின்றாள். இழுக்கவில்லை, கொடு என்று கேட்கவும் இல்லை. அவர் விடுவதற்காகக் காத்திருந்தாள். அவசரப்படாமல் காத்திருந்தாள்.

கடைசியில் அவர் விட்டார்.

அவள் அதைத் தரையில் விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து தனியாக மடித்தாள். ஓரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் படிந்தன. கூடையின் மேல் வைத்துத் தூக்கிக்கொண்டு, முதுகால் கதவைத் தள்ளி வெளியே போனாள்.